"லாஜிக் இடிக்குது" என்று டெஸ்டர் சொன்னால் எங்கே தேடுவது? கேம் கதையில் அபத்தத்தையும் யதார்த்தத்தையும் சேர்த்து ஓட்டும் வழி

பிளேடெஸ்ட் (வெளியிடும் முன் கேமைச் சிலரை விளையாடவிட்டுப் பார்ப்பது) முடிந்து வரும் குறிப்புகளில் "லாஜிக் இடிக்குது" என்ற வரி எப்படியும் இருக்கும். பேசும் பூனை, தண்ணீருக்கடியில் ஓடும் ரயில் என்று எதைக் கதைக்குள் வைத்தாலும் இது வரும். வந்ததும் பலர் உட்கார்ந்து, அந்தப் பூனை ஏன் பேசுகிறது என்று விளக்கி இரண்டு பக்க டயலாக் எழுதிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதுகில் தொங்கிக்கொண்டு வேதாளம் கதை சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பூனை பேசுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. டெஸ்டருக்கு ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது, அதற்குப் பெயர் தெரியாததால் லாஜிக் என்கிறார். கோளாறு அநேகமாக மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: அந்த அதிசயத்தைப் பாத்திரங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள், பிளேயரின் கை அதை எப்படித் தொடுகிறது.

உங்கள் டெஸ்டர் சொன்னது கீழே எந்த அறிகுறியோடு ஒத்துப்போகிறதோ, நேரே அங்கே போகலாம். ஆனாலும் முதலாவதை எல்லோரும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அறிகுறி: காமெடி எடுபடுகிறது, ஆனால் அடுத்து வரும் சோகக் காட்சியிலும் சிரிக்கிறார்கள்

சோகக் காட்சியில் கை வைக்காதீர்கள். பின்னால் போய் காமெடிக் காட்சியின் டயலாக்கை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். "இதெல்லாம் நிஜமாவே நடக்குதா?", "சினிமா மாதிரில்ல இருக்கு!" என்ற ரகத்தில் யாராவது பேசுகிறார்களா? பேசினால், உங்கள் உலகத்தை உங்கள் பாத்திரமே நம்பவில்லை என்று பிளேயரிடம் சொல்லிவிட்டீர்கள். அதன்பிறகு அதே பாத்திரம் அழுதால் பிளேயர் ஏன் நம்ப வேண்டும்?

இதைச் சரியாகச் செய்தவர்களிடம் பாடம் கேட்க வேண்டுமென்றால் யகுசா 0-வைத்தான் சொல்வேன். 2015-இல் ஜப்பானில் வெளிவந்த கேம், கதை நடப்பது 1988 டிசம்பரில். டோக்கியோவின் கபுகிச்சோவை மாதிரியாக வைத்து உருவாக்கிய கமுரோச்சோ என்ற கற்பனைப் பகுதியில், கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காலி நிலம். அந்தச் சின்ன இடத்துக்காக நிழலுலகக் குடும்பங்கள் ஒன்றையொன்று அறுத்துக்கொள்கின்றன. மெயின் கதை முழுக்கத் துரோகமும் ரத்தமும்தான். அதே தெருவில் இரண்டு கடை தள்ளி, நாயகன் கிரியூ குழந்தைகளோடு பொம்மைக் கார் ரேஸ் ஓட்டுகிறான். பவுலிங்கில் வரிசையாக மூன்று ஸ்ட்ரைக் அடித்தால் உயிரோடு ஒரு கோழி பரிசு. நகெட் என்ற அந்தக் கோழியை அவனுடைய ரியல் எஸ்டேட் தொழிலில் மேனேஜராகவே போடலாம்.

இவ்வளவு அபத்தத்துக்குப் பிறகும் மெயின் கதைக்குத் திரும்பும்போது நெஞ்சு கனக்கிறது. காரணம் கிரியூவின் முகம். பொம்மைக் கார் ரேஸில் தோற்றாலும் சரி, நண்பனை இழக்கும் நிலை வந்தாலும் சரி, அவன் எதிரில் நிற்பவரை முழுசாக மதிக்கிறான். சைடு கதையில் வரும் கிறுக்குத்தனமான ஆள் சொல்வதையும் கடைசிவரை நின்று கேட்கிறான், நக்கல் அடிப்பதே இல்லை. சிரிப்பது நாம்தான். காமெடிக்கும் சோகத்துக்கும் நடுவில் பாலம் போடுவது அந்த ஒரே குணம். அவனுக்கு இரண்டு சுபாவம் கொடுத்திருந்தால் கேம் இரண்டாகப் பிளந்திருக்கும்.

திருத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரிக் காட்சியில் பார்க்கலாம். இரவுக் கடைசி டவுன் பஸ், இறந்துபோனவர்கள் ஏறுகிறார்கள், பிளேயர்தான் கண்டக்டர் என்று வையுங்கள். முதல் வரைவு வழக்கமாக இப்படித்தான் வரும்:

"ஐயோ, பேயா! கதையிலதான் இப்படி வரும்னு நெனச்சேன்!"
"பயப்படாதே. நான் நல்ல பேய்."

இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண்டக்டருக்கு அவர் வேலையைக் கொடுங்கள்:

"எங்க போகணும் பெரியவரே?"
"வீட்டுக்குப்பா."
"அது எந்த ஸ்டாப்பு?"
"வீட்டை இடிச்சுட்டாங்களாம். இப்ப அங்க என்ன இருக்குன்னு தெரியல."
"ஏதாவது ஒரு ஸ்டேஜ் சொல்லுங்க, டிக்கெட் போடணும். நடுவுல செக்கிங் ஏறுனா எனக்குத்தான் மெமோ."

பேய் என்ற சொல்லே வரவில்லை. செக்கிங் பயமும் மெமோவும் நிஜமாக இருப்பதால் பெரியவரும் நிஜமாகிவிடுகிறார். முதலில் சிரிப்பு வரும், "வீட்டை இடிச்சுட்டாங்களாம்" உறைப்பது கொஞ்சம் கழித்து. பத்து ஸ்டாப் தள்ளி அவர் இறங்கும்போது பிளேயருக்கு மனசு இளகினால், அதற்கான விதை இங்கே போட்டதுதான்.

அறிகுறி: "இவ்வளவும் முடியும்னா, அந்த ஆளை மட்டும் ஏன் காப்பாத்த முடியல?"

நியாயமான கேள்வி. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 7 கேமில் நாயகனின் தோழி எரித் கொல்லப்படும்போது உலகம் முழுக்கக் கேட்ட கேள்வியும் இதுதான். சண்டையில் விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் பையில் கிடக்கும்போது கட்சீனில் (கை விளையாடாமல் கதை மட்டும் ஓடும் காட்சியில்) மட்டும் மரணம் நிரந்தரமா?

ஆச்சரியம் என்னவென்றால் அதே தொடர் ஐந்து வருடம் முன்பே, 1992-இல் வந்த ஐந்தாம் பாகத்தில், இதற்கு வழி கண்டுபிடித்திருந்தது. நாயகர்களில் ஒருவரான முதியவர் கலூஃப் தனியாக நின்று வில்லன் எக்ஸ்டெத்தோடு மோதுகிறார். அவருடைய உயிர்ப்புள்ளி பூஜ்யமாகிறது, ஆனாலும் விழாமல் சண்டையைத் தொடர்கிறார். கேம் பழக்கிய விதி நம் கண்ணெதிரே உடைகிறது. சண்டை முடிந்ததும் தோழர்கள் குணமாக்கும் மந்திரம், உயிர்ப்பிக்கும் மந்திரம், ஃபீனிக்ஸ் டவுன் என்று கையிலிருப்பதையெல்லாம் அவர்மேல் போட்டுப் பார்க்கிறார்கள். எதுவும் பலிக்கவில்லை. பிளேயர் வாய்திறந்து கேட்க நினைத்ததைப் பாத்திரங்களே செய்து தோற்றுவிட்டார்கள். கேள்வி அங்கேயே துக்கமாக மாறுகிறது.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கதையில் எதையும் சரிசெய்யக்கூடிய பொருள், மந்திரம், எந்திரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மரணம், பிரிவு, தோல்வி வரும் ஒவ்வொரு காட்சிக்கும் நேராக அந்தப் பட்டியலை வைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ, அதைப் பாத்திரம் முயன்று பார்த்துத் தோற்கட்டும், இல்லையென்றால் அந்தப் பொருளுக்கு ஒரு வரம்பு வேண்டும். வரம்பு என்றால் அது முன்னாலேயே, சின்ன விஷயம் ஒன்றில், பிளேயரின் கையாலேயே தெரிய வந்திருக்க வேண்டும். சாவு நடந்த பிறகு ஒரு முனிவர் வந்து விதியை விளக்கினால் எழுத்தாளர் தப்பிக்கப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: நாயகன் நல்லவன் என்கிறது கதை, பிளேயர் இதுவரை நூறு பேரை அடித்துப் போட்டிருக்கிறார்

பழைய நோய் இது. பயோஷாக் கேமைப் பற்றி 2007-இல் கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் எழுதிய கட்டுரைக்குப் பிறகு லூடோநேரட்டிவ் டிஸ்ஸனன்ஸ் (கதை சொல்வதும் விளையாட்டில் செய்வதும் முரண்படுவது) என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2016-இல் வந்த அன்சார்ட்டட் 4, ஆயிரம் எதிரிகளை வீழ்த்தினால் அதே பெயரில் ஒரு டிராஃபி கொடுக்கிறது. பிரச்சினை தெரியும் என்று சொல்வதால் பிரச்சினை தீர்ந்துவிடாது. உங்கள் கேமில் அப்படி ஒரு கண்சிமிட்டலை வைக்கத் தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் மருந்து இரண்டு இருக்கிறது. முதலாவது, அபத்தத்தைப் பாத்திரத்தின் கண்ணுக்குள் வைப்பது. 2020-இல் வந்த யகுசா: லைக் எ டிராகனில் நாயகன் இச்சிபன் கசுகா, செய்யாத குற்றத்தைத் தலையில் ஏற்று 18 வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். யோகோஹாமாவில் வீடற்றவர்களோடு வாழ்க்கையை மறுபடி தொடங்குகிறான். சிறுவயதிலிருந்து டிராகன் குவெஸ்ட் என்ற கேம் தொடரின் பைத்தியம் என்பதால், தெருச்சண்டை அவன் கண்ணுக்கு முறை வைத்து அடிக்கும் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்) சண்டையாகத் தெரிகிறது, தெருப்பொறுக்கி விசித்திர எதிரியாக உருமாறுகிறான். தோற்றுப்போன ஒருவன் தன்னை நாயகனாக நினைத்துக்கொள்ள வேண்டிய தேவைதான் அந்தச் சண்டை முறைக்குக் காரணம். இன்னொரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். வழக்கமான ஆர்பிஜியில் போர்வீரன், மந்திரவாதி என்று வகுப்பு மாற்றக் கோயிலுக்குப் போவோம். இங்கே போக வேண்டியது ஹலோ வொர்க்குக்கு. அது ஜப்பான் அரசின் நிஜமான வேலைவாய்ப்பு அலுவலகம். வேலையில்லாத நடுத்தர வயதுக்காரர்கள் அந்த அலுவலகத்தில் நின்று தங்கள் மந்திரசக்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அபத்தமும் யதார்த்தமும் ஒரே கவுன்ட்டரில் சேர்ந்து நிற்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, அடித்ததற்கெல்லாம் கணக்கு வைத்திருந்து அதை அதிசயத்தின் வாயிலாகத் திருப்பிக் கொடுப்பது. 2004-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 3-இல் தி சாரோ என்ற ஆவியைச் சந்திக்கும் இடம் வருகிறது. சண்டையே கிடையாது. ஆற்றில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நீங்கள் கொன்ற வீரர்கள் எதிரே வருகிறார்கள். கழுத்தை அறுத்திருந்தால் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். அதிகம் கொன்றவருக்கு அந்த நடை நீளும், யாரையும் கொல்லாமல் ஒளிந்து ஒளிந்து வந்தவருக்கு ஆறு ஏறக்குறைய காலி. அந்த கேமில் இதைவிட அமானுஷ்யமான இடம் குறைவு, அதன் விதை முழுக்க பிளேயர் நிஜமாகச் செய்தது. உங்களிடம் இருக்கும் பில்டில் (இப்போதைக்கு ஓடும் கேம் பதிப்பில்) எதையெல்லாம் எண்ண முடியும் என்று புரோகிராமரிடம் கேளுங்கள். எண்ணிக்கை எது கையில் இருக்கிறதோ, அதிலிருந்து ஒரு கனவை எழுதலாம்.

அறிகுறி: "எது வேணா நடக்கும்ங்கிறதால எதுவுமே முக்கியமாத் தெரியல"

அதிசயத்துக்கு விலைச்சீட்டு இல்லை என்று அர்த்தம். பணமாகவோ, தூக்கமாகவோ, கால்வலியாகவோ, யாரோ ஒருவருடைய நைட் ஷிஃப்டாகவோ அந்த விலை தெரிய வேண்டும்.

ஃபின்லாந்தின் ரெமெடி நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கன்ட்ரோல் என்ற கேமில், இயற்கைக்கு மீறிய பொருட்களை அடைத்து வைக்கும் அரசு அலுவலகம்தான் களம். அங்கே ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது. யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுத்தால் ஆபத்து. நாம் போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் அதையே வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அலுவலகமே தாக்குதலில் சிதறிக் கிடக்கிறது, ஷிஃப்ட் மாற்ற ஆள் வரவில்லை. யாரையாவது அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறார். ஃபிரிட்ஜின் பூர்வீகத்தை விளக்கிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இந்தப் பயம் வந்திருக்காது. ரிலீவர் வராத ஷிஃப்டின் கொடுமை வேலைக்குப் போகிற எவருக்கும் தெரியும்.

டெத் ஸ்ட்ராண்டிங் என்ற கேமும் அதே வருடம்தான் வந்தது. தொட்டதையெல்லாம் முதுமையாக்கும் மழை, கண்ணாடிக் கூட்டுக்குள் மிதக்கும் சிசு, செத்தவர்கள் கரையேறும் உலகம் என்று அதன் கற்பனைக்கு எல்லையே இல்லை. ஆனால் நாம் கேம் முழுக்க யோசிப்பது பூட்ஸைப் பற்றி. நடக்க நடக்க அது தேய்கிறது, மாற்று ஜோடி இல்லையென்றால் கால் புண்ணாகிவிடும். சுமை ஒரு பக்கம் சாய்ந்தால் சறுக்கி விழுவோம். தலைக்கு மேலே எவ்வளவு பறந்தாலும் பாதம் மண்ணில் இருப்பதால் அந்த உலகம் தாங்குகிறது. முன்னே சொன்ன லைக் எ டிராகனிலும், உதவிக்கு போன் போட்டு ஒரு நன்னீர் இறாலை வரவழைக்கலாம், நான்சி என்று பெயர். அந்தச் சேவைக்கும் கட்டணம் உண்டு.

அறிகுறி: நேரெதிர். யதார்த்தம் நிறைய இருக்கிறது, டெஸ்டர் கொட்டாவி விடுகிறார்

சுருக்கமான மருந்து போதும். பசி, தூக்கம், எடை, வாடகை என்று நீங்கள் வைத்த ஒவ்வொன்றும் பிளேயரின் அடுத்த முடிவை மாற்றுகிறதா என்று பாருங்கள். மாற்றாததை எடுத்துவிடுங்கள். டிஸ்கோ எலீசியம் என்ற துப்பறியும் கேமில் அறை வாடகைக்குக் காசில்லாத துப்பறிவாளர் பிளாஸ்டிக் பையோடு காலி பாட்டில் பொறுக்குகிறார். ஒரு போலீஸ்காரர் பாட்டில் பொறுக்குவதில் அவமானம் இருக்கிறது, ஊரார் பார்க்கிறார்கள், கூட வருபவரும் பார்க்கிறார். அதனால் அது கதையாகிறது. வெறும் எண்ணாக இருந்திருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அறிகுறி: முதல் அதிசயம் வந்த இடத்திலேயே விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள்

இரண்டைச் சோதியுங்கள். அது எவ்வளவு தாமதமாக வந்தது, வந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்.

தாமதத்துக்கும் டிஸ்கோ எலீசியமே நல்ல பாடம். கருந்திரையில் முதலில் கேட்பது நாயகனின் மூளையின் ஆதிப் பகுதி பேசும் குரல். கண்விழித்தால் நாசமாகிக் கிடக்கும் விடுதி அறை. சீலிங் ஃபேனில் அவருடைய டை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எட்டிப் பறிக்கப் போய், உடம்பில் தெம்பில்லாத நாயகனாக இருந்தால், மாரடைப்பில் செத்தே போகலாம். அந்த டை பின்னால் பேசவும் செய்யும். முதல் அறையிலேயே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது: இங்கே பொருட்கள் பேசும், உடம்பு மட்டும் சலுகை தராது. உங்கள் கேமில் மூன்று மணி நேரம் சுத்தமான போலீஸ் விசாரணை நடத்திவிட்டு நான்காம் மணியில் டை பேசினால், பிளேயர் ஏமாற்றப்பட்டதாகத்தான் உணர்வார். பெரிய அதிசயத்தை முன்னால் தள்ள வேண்டியதில்லை. அதே வகையில் சின்னதாக ஒன்று முதல் பத்து நிமிடத்துக்குள் வந்தால் போதும்.

பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளுக்கு, அதே கேமில் நாயகனோடு வரும் கிம் கிட்சுராகியைவிட நல்ல மாதிரி கிடையாது. விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு வாரமாகத் தொங்கும் பிணத்தைப் பற்றி விசாரிக்க இன்னொரு காவல் நிலையத்திலிருந்து வந்தவர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட், கையில் குறிப்பேடு. நாயகன் உளறும்போது அவர் அதை நம்புவதும் இல்லை, ஏளனம் செய்வதும் இல்லை. காதுகொடுத்துக் கேட்கிறார், புருவத்தை உயர்த்துகிறார், வழக்குக்குத் திரும்புகிறார். அவர் இருப்பதால் பிளேயருக்கு உலகத்தின் தரைமட்டம் எங்கே என்று எப்போதும் தெரியும். பலர் இந்தப் பாத்திரத்தை எதையும் நம்பாத கடுகடுப்பான ஆளாக எழுதிவிடுகிறார்கள், அது பிளேயரைத் திட்டுவது போல ஆகிவிடும். உங்கள் யதார்த்தவாதிக்குப் பொறுமையும் அவருக்கென்று ஒரு ரகசிய ஆசையும் கொடுங்கள். கிம்முக்கும் உண்டு.

அறிகுறி: ஒரு சைடு குவெஸ்ட் மட்டும் அட்டகாசம், ஆனால் அதற்குப் பிறகு மெயின் கதை ஒட்டவில்லை

அதை வெட்டி எறிய மனசு வராது, எறியவும் வேண்டாம். தனியாக வைக்க முடியுமா என்று பாருங்கள். ராக்ஸ்டார் நிறுவனம், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் கேமின் கௌபாய் துயரக் கதைக்குள் ஜோம்பிகளைத் திணிக்கவில்லை. 2010-இல் அன்டெட் நைட்மேர் என்று தனியாகவே வெளியிட்டார்கள். அதே ஊர், அதே மனிதர்கள், வேறு கணக்கு.

அறிகுறி: மேலே உள்ள எல்லாம் சரி, ஆனாலும் அந்த அதிசயம் ஒட்டவைத்த மாதிரியே இருக்கிறது

அப்படியென்றால் அது உங்கள் கதை எதைப் பற்றியதோ அதைத் தொடவில்லை. மறுபடியும் யகுசா 0-வுக்கே வருகிறேன். அதில் எதிரியை அடித்தால் உடம்பிலிருந்து ஜப்பானின் யென் நோட்டுகள் பறக்கும். வம்புக்கு வரும் பொறுக்கிகள் முன்னால் பணத்தை வாரி வீசினால், அவர்கள் அதைப் பொறுக்கும் நேரத்தில் நழுவிவிடலாம். புதிய அடியைக் கற்றுக்கொள்ளவும் பணம்தான். தனியாகப் பார்த்தால் பக்கா அபத்தம். ஆனால் 1988 ஜப்பான் நிலவிலையும் பங்குவிலையும் கண்மண் தெரியாமல் ஏறிய குமிழிப் பொருளாதாரக் காலம். அந்நாட்டுப் பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு அடுத்த வருடக் கடைசியில் 38,915 வரை போய்த்தான் சரிந்தது. கதையே ஒரு துண்டு நிலத்துக்காக மனிதர்கள் சாவதைப் பற்றியது. அந்தக் காலத்தின் பைத்தியம் ஒவ்வொரு குத்திலும் பறக்கிறது.

உங்கள் கதை எதைப் பற்றியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். பக்கத்தில் அந்த அதிசயத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு போட முடியவில்லையென்றால் அதிசயத்தை மாற்றுங்கள், கதையை வளைக்காதீர்கள். மேலே சொன்ன பஸ் கதை, இடிக்கப்பட்ட வீடுகளைப் பற்றியது என்றால் வழித்தடப் பலகையில் இப்போது இல்லாத ஊர்ப்பெயர்கள் வரலாம். பஸ் திடீரென்று பறக்கத் தேவையில்லை. எடுத்துவிட்டதை அழிக்காமல் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள், இன்னொரு கேமுக்கு உதவும். மாற்றிய பில்டைப் பழைய டெஸ்டர்களிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் அதிசயத்துக்குத் தயாராகிவிட்டவர்கள், எங்கே இடிக்கிறது என்று அவர்களுக்கு இனி தெரியாது. கதை கேள்விப்படாத ஒருவரை உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லாமல், அவர் முதல்முறை சிரிக்கும் இடத்தையும் முதல்முறை சும்மா இருக்கும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.